நாலு விரல் ஓணான்

கிடுகு வேலியில் தலையாட்டும் ஓணானுக்குப் பின்காலில் ஐந்து விரல்கள். விசிறித்தொண்டை ஓணானுக்கோ நான்குதான். சுடுமணலில் சிலவேளை இரு கால்களில் எழுந்தே ஓடும். ஆண் ஒரு சிறு மேட்டில் ஏறித் தொண்டைத்தோலை விசிறிபோல் விரித்து விரித்து மடக்கும். பெண்ணை அழைக்கவும் போட்டியாளனை விரட்டவும் அதுவே அதன் மொழி.

புதுச்சேரியின் பெயரால் 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விவரித்த இனம்தான் இலங்கையிலும் வாழ்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2015இல் ஆய்வாளர்கள் இங்குள்ளவற்றை இரண்டு புதிய இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் வடக்கின் வறண்ட கரையோரத்துக்கு உரியது சித்தானா தேவகாய். இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்!

அந்த வடக்குக் கரையோரத்தில் உள்ள வடமராட்சி கிழக்கிலிருந்து லொறி லொறியாக மணல் போகிறது. மணலில் குழி பறித்து முட்டையிடும் இந்தச் சின்ன உயிரையும் நினைத்துத்தான் மணல் அனுமதி எழுதப்பட வேண்டும்.