ஆடி முதல் நாளும் தன்ராஜ் பிள்ளையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

நம் வீட்டில் ஒருவர் பிறந்த அதே நாளில் நாடறிந்த ஹாக்கி வீரர் ஒருவரும் பிறந்திருக்கிறார் என்று தெரிந்தால் மனத்தில் ஒரு மகிழ்ச்சி எழத்தான் செய்கிறது. முன்பின் பார்த்திராத அந்த மனிதர் நம் உறவுக்காரர் போல் ஆகிவிடுகிறார். ஆனால் நண்பர்களே, இந்தச் சின்ன மகிழ்ச்சியை அடைவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ளவர் என்று பிறந்தார் என்பது முதலில் தெரிய வேண்டும். கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்திருக்கும் என் போன்றோர் வீடுகளில் அது அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை.

இப்படிப் பொருந்துவது அதிசயமா என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தையும் 16 பேர் கொண்ட ஓர் ஒலிம்பிக் ஹாக்கி அணியையும் எடுத்துக் கொள்ளுங்கள். 96 இணைகள் கிடைக்கின்றன. 365இல் 364 என்ற பின்னத்தை 96 முறை பெருக்கி, விடையை ஒன்றிலிருந்து கழித்தால் ஏறத்தாழ 23 விழுக்காடு வருகிறது. அதாவது நான்கு வீடுகளில் ஏறக்குறைய ஒரு வீட்டில் யாரோ ஒருவருக்கு அந்த அணியில் பிறந்தநாள் கூட்டாளி இருப்பார்! ஆடுகளத்தையே எடுத்துக் கொண்டாலும் இப்படித்தான். இரு அணிக்கும் 22 பேர், நடுவர் இருவர், ஆக 24 பேர். அவர்களுள் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கும் மேல், 54 விழுக்காடு. ஆகவே சோதிடருக்கு இங்கே வேலையில்லை.

அதிசயம் இல்லையென்றாலும் சுவை குறைந்துவிடவில்லை. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற தியான்சந்த் 1905 ஆகஸ்ட் 29இல் பிறந்தவர். அந்த நாளைத்தான் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். முகமது ஷாகித் 1960 ஏப்ரல் 14. சித்திரை முதல் நாளில் பிறந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்களில் பெரும்பாலோர்க்கு அவர் கூட்டாளி. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராக இருந்த நம் பாஸ்கரன் 1950 ஆகஸ்ட் 17இல் பிறந்தவர்.

என் தாயாருக்கு வாய்த்த கூட்டாளி தன்ராஜ் பிள்ளை. 1968 ஜூலை 16இல் புனே நகரை அடுத்த கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் பணியாளர். புது மட்டை வாங்க வசதியில்லாமல், உடைந்த மட்டைகளையும் பிறர் வீசியெறிந்த பந்துகளையும் கொண்டு ஆடக் கற்றவர் இவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு என்று ஆடினார். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு லண்டன், ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்கா என்று பல ஊர்க் கழகங்களுக்கு ஆடியவர், பிரான்சின் லியோன் நகரக் கழகத்துக்கும் ஆடியிருக்கிறார். (பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் பிறந்த எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி!) அவரைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நூலின் பெயர் ‘ஃபர்கிவ் மீ அம்மா’. அதைச் சொன்னபோது என் தாயார், “அம்மாகிட்ட மன்னிப்பு கேட்கிற பிள்ளைன்னா நல்ல பிள்ளைதான்” என்றார்.

என் தாயாரின் பிறந்தநாள் எந்தக் காகிதத்திலும் ஜூலை 16 என்று இல்லை. ஓர் அட்டையில் ஜனவரி 1. இன்னொன்றில் ஜூன் 5. பள்ளியில் சேர்க்க வயது வர வேண்டுமே என்று யாரோ மனத்தில் தோன்றியதை எழுதிய தேதி அது. அவர் பிறந்தது மரக்காணம் பக்கத்தில், வீட்டில். பதிவு செய்ய யாரும் போகவில்லை. கனகசெட்டிக்குளத்துக்கு வாழ வந்து, மீன்கூடை சுமந்து எங்களை ஆளாக்கியவருக்குப் பிறந்தநாள் என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. ஒரு சேமிப்புக் கணக்குக்காக இரண்டு அட்டைகளையும் ஒரே மேசைமேல் வைத்த நாள் வரையில். “இதில் எந்த அம்மா நீங்கள்?” என்று அங்கே கேட்டார்கள். கேட்டவர் வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார். தாயார் அன்று இரவு சாப்பிடவில்லை.

அதன்பிறகுதான் ஆயாவிடம் துருவித் துருவிக் கேட்டேன். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நினைவு பிசகாது. “எம்ஜிஆர் ரெண்டாந்தரம் மந்திரியானாரே, அந்த வருசம். ஆடி பொறந்த அன்னிக்கு விடிகாலையில” என்றார். எம்.ஜி.ஆர். இரண்டாம் முறை முதலமைச்சராகப் பொறுப்பேற்றது 1980 ஜூன். அவ்வாண்டு ஆடி முதல் நாள் ஜூலை 16, புதன்கிழமை. தன்ராஜ் பிறந்த 1968இலும் ஆடி முதல் நாள் அதே ஜூலை 16தான் என்பது கூடுதல் வியப்பு. மாஸ்கோவில் இந்தியா தங்கம் வென்றது 1980 ஜூலை 29. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவுக்கு இதுவரை கிடைத்த கடைசித் தங்கம் அதுவே. என் தாயார் அன்று பதின்மூன்று நாள் குழந்தை!

ஏட்டில் ஒரு தேதி அப்படி இப்படி இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஹாக்கியே பதில் சொல்கிறது. இது பனித்தரையில் ஆடும் ஹாக்கி. கனடாவில் சிறுவர்களை வயதுவாரியாகப் பிரிக்கும்போது ஜனவரி 1ஐ எல்லையாக வைத்திருந்தார்கள். ரோஜர் பார்ன்ஸ்லியும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், மேல்நிலை ஆட்டக்காரர்களுள் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களே மிகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் மிகக் குறைவு என்று காட்டினார்கள். காரணம் எளியது. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாத மூப்பு என்பது உயரம், எடை, வேகம் எல்லாவற்றிலும் தெரியும். மூத்தவனைத் ‘திறமைசாலி’ என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுக்கு நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஆட்டங்கள். சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். டிசம்பர்ப் பிள்ளை வீட்டுக்குப் போய்விடுகிறான்.

சரியாக எழுதிய தேதியே இவ்வளவு செய்யுமானால், மனம்போனபடி எழுதிய தேதி எங்கள் கரையோரத்துப் பிள்ளைகளை எந்த வரிசையில் நிறுத்தியிருக்கும்? 2025இல் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை நடந்தது. அங்கே ஆடிய ஒவ்வொருவரும் 21 வயதுக்கு உட்பட்டவர் என்று காட்ட வேண்டியது ஒரு தேதியால்தான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இம்மண்ணில் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி இருந்தது. பிறப்பை நிறுவ முடிவதும் முடியாததும் அன்று எவ்வளவு பெரிய வேற்றுமை!

பிறப்பைப் பதிவு செய்வதை இந்தியா முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல் வந்தது. என் தாயார் பிறந்தது அதற்குப் பதினோராண்டுகள் கழித்து. சட்டம் எழுதினால் போதாது, அதைக் குடிசை வாசல்வரை கொண்டு செல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக மாணவர் ஏன் இருக்கக் கூடாது? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம், நல்லதுதான். அடுத்த முகாமில் ஒரு நோட்டும் பழைய பஞ்சாங்கங்களும் எடுத்துக் கொண்டு நான்கு தெரு போவோம். எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின், எந்த மாதம், என்ன நட்சத்திரம் என்று முதியவர்களிடம் கேட்போம். சொல்லக் கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். கிடைத்த தேதிக்கு எந்த ஆட்டக்காரர் கூட்டாளி என்றும் பார்த்துச் சொல்லலாம். கேட்பவர்கள் சிரித்தபடி இன்னும் நான்கு செய்தி சொல்வார்கள்.

தாயாரின் அட்டையைத் திருத்த எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆயாவின் சொல் சான்றாகாதாம். பேராசிரியர்களில் யாருக்கேனும் வழி தெரிந்தால் சொல்ல வேண்டுகிறேன். ஜூலை 16 அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். அதற்கு மட்டும் யாரும் சான்று கேட்கவில்லை.