தேர்ச்சி பெற்ற மௌனம்

2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு முன்னால் ஒரு தீர்மானம் வந்தது. தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் என்ற மனை, கட்டுமான நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க வேண்டும் என்பதே அது. மென்பொருள் கம்பெனிக்கு நிலமும் கட்டடமும் எதற்கு என்று டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கூடக் கேட்டிருப்பார். குழுவிலும் சந்தேகங்கள் எழாமல் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் ஒரு கைகூட எதிர்த்து உயரவில்லை. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்திலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. மூன்றே வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ராஜு கடிதம் எழுதினார்.

அந்தக் குழுவில் படிக்காதவர்கள் யாரும் இல்லை. நிறுவன ஆளுகையில் பெயர் பெற்ற ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார். ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன், முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர், டெல்லி ஐஐடியின் முன்னாள் இயக்குநர் ஆகியோரும் இருந்தனர். மோசடியில் இவர்களுக்குப் பங்கு இருந்தது என்பதல்ல இங்கே பேச்சு. தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. சில மாதங்களுக்கு முன்புதான் நல்லாளுகைக்கான கோல்டன் பீகாக் விருதையும் சத்யம் வாங்கியிருந்தது. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. 2001இல் கவிழ்ந்த அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தில் தணிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியின் முன்னாள் டீன். கணக்கியல் பேராசிரியர் வேறு.

இத்தனைக்குப் பிறகும், இயக்குநர்களைப் படிக்கவைத்தால் சரியாகிவிடும் என்றே நாம் நம்புகிறோம். மானேசரில் உள்ள இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனம், கம்பெனியை நடத்துபவர்களோடு தொடர்பில்லாத சார்பற்ற இயக்குநர்களுக்கான தரவுத்தளத்தை நடத்துகிறது. அதில் பெயரைப் பதிந்துகொள்பவர், விலக்கு இல்லாவிட்டால், இணையவழித் தேர்வு எழுத வேண்டும். 2019இல் இந்த ஏற்பாடு வந்தபோது தேர்ச்சி மதிப்பெண் 60 விழுக்காடு, அவகாசம் ஓராண்டு. அடுத்த ஆண்டே அது 50 விழுக்காடாகவும் இரண்டு ஆண்டாகவும் தளர்ந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தைச் சட்டம், அடிப்படைக் கணக்கியல் ஆகியவையே முக்கியப் பாடங்கள். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரவே கூடாது. ஆனால் சத்யம் குழுவில் இருந்த ஒவ்வொருவரும் இந்தத் தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு தேறியிருப்பார்கள்.

பயிற்சி தொடாமல் விடும் இடம் போர்டு அறைக்குள்ளேயே இருக்கிறது. இயக்குநருக்குத் தெரிவதெல்லாம் மேலாளர்கள் அனுப்பும் காகிதம்தான். முன்னூறு, நானூறு பக்கக் கட்டு கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கைக்கு வந்தால், முக்கியமான ஓர் அடிக்குறிப்பு கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் தற்செயல் அல்ல. ஆகவே பயிற்சி முதலில் தேவைப்படுவது அந்தக் கட்டைத் தயாரிக்கும் நிதி அதிகாரிக்கும் கம்பெனி செக்ரட்டரிக்கும். கெட்ட செய்தியை முதல் பக்கத்தில் எழுத அவர்களுக்குப் பழக்கம் வேண்டும். எழுதினால் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். இயக்குநர்களுக்கு ஒரு வகுப்பு, மேலாளர்களுக்கு வேறொரு வகுப்பு என்று பிரித்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

2018இல் 90,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட கடனோடு உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ் தடுமாறியபோது, அதன் இடர் மேலாண்மைக் குழு 2015 முதல் ஒரே ஒரு முறைதான் கூடியது என்பது வெளியே தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் தேவையில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

கேட்டால் என்ன ஆகும்? 2016இல் டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி பக்கம் நின்ற நுஸ்லி வாடியா, டாடா குழுமத்தின் மூன்று நிறுவனங்களில் சார்பற்ற இயக்குநர் பதவியை அந்த டிசம்பரிலேயே இழந்தார். பங்குதாரர் வாக்கெடுப்பில்தான் நீக்கம் நடந்தது. ஆனால் அந்த நிறுவனங்களின் மிகப் பெரிய பங்குதாரர், அவற்றைக் கட்டுப்படுத்தும் புரமோட்டரான டாடா சன்ஸ்தான். பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி பின்னர் விதியை மாற்றியது. 2022 முதல் சார்பற்ற இயக்குநர்களை நியமிக்கவும் நீக்கவும் பொதுவாக நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 75 விழுக்காடு பங்கை வைத்திருக்கும் புரமோட்டருக்கு இதுவும் தடையாகாது. நாற்காலி கொடுத்தவரையே கேள்வி கேட்கச் சொல்கிறோம் என்பதைப் பாடத்திட்டம் எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சுயநலத்தின் பேரிலாவது கற்பிக்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 149(12) பிரிவு, தனக்குத் தெரிந்து, தன் சம்மதத்தோடு நடந்த தவறுக்கும், உரிய கவனம் காட்டாததற்கும் மட்டுமே சார்பற்ற இயக்குநரைப் பொறுப்பாக்குகிறது. கவனம் காட்டியதற்கு அத்தாட்சி எது? கூட்டக் குறிப்புதான். காபி இடைவேளையில் முணுமுணுத்த சந்தேகம் எந்த வழக்கிலும் துணைக்கு வராது. எதிர்ப்பைச் சொல்வது, அதைப் பதியச் சொல்வது, அடுத்த கூட்டத்தில் அது உள்ளபடி பதிந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது ஆகியவற்றை ஆள் வைத்து நடித்துப் பழகவேண்டும். சத்யம் கூட்டத்தையே பாடமாக வைத்து, ஒருவரை ராஜுவாக்கி, மற்றவர்களை மறுக்கச் சொல்லலாம். பழைய நண்பர் முகத்தைப் பார்த்து மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இதெல்லாம் மும்பை மாடிகளில் நடக்கும் சங்கதி என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது வைப்பாளர்கள் தப்பினார்கள். பங்குதாரர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை.

சார்பற்ற இயக்குநர்கள் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றார்கள் என்பதைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். செபியின் விதி அது. அந்த மணிக்கணக்குக்குப் பக்கத்திலேயே, அந்த ஆண்டில் குழு திருப்பி அனுப்பிய முன்மொழிவுகள் எத்தனை, குறிப்பில் பதிவான எதிர்ப்புகள் எத்தனை என்று இன்னும் இரண்டு எண்களைச் சேர்க்கச் சொல்லலாம்.