ஆம், நான் பூனைப் பிரியன்தான்!

நாய் வளர்ப்பவனை இவ்வுலகம் வீரன் என்கிறது. கிளி வளர்ப்பவனை ரசிகன் என்கிறது. பூனை வளர்ப்பவனைக் கண்டால் மட்டும் ஏனோ எள்ளி நகையாடுகிறது. வகுப்புத் தோழர்கள் எனக்குச் சூட்டிய பெயர் 'பூனை'. அப்பெயருக்கு நெடுநாள் கூசினேன். கல்லூரிக்குப் புறப்படுமுன் சட்டையில் ஒட்டிய பூனை முடியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எறிவேன்.

அந்தக் கூச்சத்திற்கு நான் கொடுத்த விலை பெரிது. சென்ற ஆண்டு ஒரு மாலை, எங்கள் லாஸ்பேட்டைத் தெருவில், சினையாக இருந்த சாம்பல் நிறப் பூனையொன்றைச் சிலர் சாக்கில் போட்டுக் கட்டினர். எங்கோ கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். காலையில் குறுக்கே வந்து சகுனத்தைக் கெடுக்கிறதாம்! "இது யார் வீட்டுப் பூனை, தம்பி?" என்று என்னைக் கேட்டனர். மூன்று மாதமாக என் கையால் சோறு தின்ற பூனை அது. நண்பர்கள் அருகில் நின்றிருந்தனர். சிரிப்பார்களே என்றஞ்சி, "தெரியாது" என்றேன். சாக்கு போயிற்று, பூனை திரும்பி வரவில்லை.

பூனையை நேசிப்பது அத்துணை இழிவா? பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைத் தனக்கே உவமையாக்கிக் கொண்டான் கம்பன். 1908 முதல் 1918 வரை நம் புதுவையில் வாழ்ந்த பாரதி, மாந்தரெல்லாம் ஒரே இனம் என்பதற்கு 'முரசு' பாட்டில் ஒரு வெள்ளைப் பூனையையும் அதன் பல நிறக் குட்டிகளையும் சான்றாக்கினான். அரவிந்தர் ஆசிரமத்து அன்னையும் பூனை வளர்த்தவரே. நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவரை உலகம் அபூ ஹுரைரா என்றே அறியும். 'பூனைக்குட்டியின் தந்தை' என்பது அதன் பொருள். அவருக்குப் பெருமையான பட்டப்பெயர் எனக்கு மட்டும் சிறுமையாகுமா?

"பூனைக்கு நன்றியில்லை" என்பார் சிலர். வாலைக் குழைத்துக் காலடியில் கிடந்தால்தான் அன்பா? தானாக வந்து மடியில் படுப்பது அன்பில்லையா?

தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசி தாகத்தால் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆனால் சட்டம் தானாகத் தெருவுக்கு வருவதில்லை. "இது என் பூனை" என்று சொல்ல ஒருவன் வேண்டும். அப்படிச் சொல்பவனுக்குக் கடமையும் உண்டு. கருத்தடை செய்விப்பதும், வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், அண்டை வீட்டாருக்குத் தொல்லையின்றி வளர்ப்பதும் அவன் பொறுப்பே. கொஞ்சுவது மட்டும் அன்பாகாது.

தோழர்களே! நாம் நேசிப்பதை நாமே மறைத்தால், அதைக் காக்க வேறு யார் வருவார்? இப்போது என் வீட்டில் ஒரு கறுப்புக் குட்டி வளர்கிறது. சட்டையில் முடி ஒட்டியிருந்தால் இனி நான் பொறுக்கப் போவதில்லை. "யார் வீட்டுப் பூனை?" என்று நாளை எவர் கேட்டாலும், தெருவே கேட்கும்படி சொல்வேன்: "என் வீட்டுப் பூனை!"