நிரந்தரப் பணி, தற்காலிக மனிதர்

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் ஒரு பொறியாளருக்காக அவருடைய நிறுவனம் அந்நாட்டு அரசிடம் இருவகை விண்ணப்பங்களை அளிக்கிறது. முதலாவது, அவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பணியில் வைத்துக்கொள்ள அனுமதி கோருவது. இரண்டாவது, சில ஆண்டுகள் கழித்து, அதே மனிதருக்கு நிரந்தரமான முழுநேரப் பணி காத்திருக்கிறது என்று உறுதியளிப்பது. இரண்டுமே சட்டப்படி சரியானவை. முதல் விண்ணப்பத்துக்கும் நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டுக்கும் இடையே அவர் கழிக்க வேண்டிய காலம்தான் சிக்கல். இந்தியாவில் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பத்து ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்போருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. அதையடுத்து நம் நாட்டில் எழுந்த விவாதம் பெரும்பாலும், இனி யார் அங்கே போக முடியும் என்பதைச் சுற்றியே அமைந்தது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் நிலை பற்றி அதிகம் பேசப்படவில்லை. வேலை நிரந்தரம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு நாடு, அந்த வேலையைச் செய்பவரைத் தற்காலிகமானவராகவே வைத்திருப்பதால் விளைவது என்ன? இது குடியேற்றக் கொள்கை பற்றிய கேள்வி மட்டுமன்று. ஊதியத்தையும் பேரம் பேசும் ஆற்றலையும் பற்றிய பொருளாதாரக் கேள்வியும் ஆகும்.

முதலில், 'நிரந்தரப் பணி' என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. நம்மிடையே அது ஓய்வூதியத்தோடு கூடிய அரசுப் பணியை நினைவூட்டும். அமெரிக்காவில் அதன் பொருள், முடிவு நாள் குறிப்பிடப்படாத பணி என்பது மட்டுமே. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் நிறுவனம் ஓர் ஊழியரை எந்த நாளிலும் விலக்கலாம். இருந்தும், வேலைவாய்ப்பு வழியாக கிரீன் கார்டு கோருவோரில் பெரும்பாலோருக்கு அத்தகைய ஒரு பணி வாய்ப்புதான் அடிப்படைத் தகுதி.

எச்-1பி விசா 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியே உருவானது. ஆண்டுக்கு 65,000 பேர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000 இடங்கள். முதலில் மூன்று ஆண்டுகள், பிறகு மேலும் மூன்று ஆண்டுகள் என்பது பொது விதி. சுற்றுலா விசா கேட்பவர், தாம் ஊர் திரும்பிவிடுவோம் என்று நிறுவ வேண்டும். எச்-1பி விசா கேட்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை; வந்தவர் அங்கேயே தங்க விரும்பலாம் என்பதைச் சட்டம் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. அதாவது, இது ஒருவகைத் தகுதிகாண் பருவம் என்றே கருதப்பட்டது.

ஆனால், அந்தப் பருவம் முடிந்து வெளியேறும் வாசல் மிகக் குறுகியது. வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. இந்த எண்ணிக்கையில் ஊழியர்களின் வாழ்க்கைத் துணையும் குழந்தைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பது இன்னொரு வரம்பு. முதுநிலைப் பட்டதாரிகள் பெரும்பாலும் விண்ணப்பிக்கும் இரண்டாம் பிரிவுக்கு உரியவை சுமார் 40,000. அதில் 7 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 2,800. பிற நாட்டவர் பயன்படுத்தாமல் மிஞ்சும் இடங்கள் கிடைத்தால்தான் அதற்கு மேல். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் இந்தியாவுக்கும், சில லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு.

எச்-1பி அனுமதிகளிலோ பத்தில் ஏழு பங்குக்கு மேல் இந்தியர்களுக்குச் செல்கிறது. நுழைவாயிலில் நாட்டு வரம்பு இல்லை, வெளிவாயிலில் இருக்கிறது. எனவே, வரிசை ஆண்டுதோறும் நீள்வதில் வியப்பில்லை. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இந்த இரண்டாம் பிரிவில் 2013 ஜனவரி 1-க்கு முன்னர் வரிசையில் இடம் பிடித்த இந்தியர்களுக்குத்தான் கிரீன் கார்டு வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடைவெளியை அமெரிக்க நாடாளுமன்றம் அறியாமல் இல்லை. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் ஆறு ஆண்டு வரம்பைக் கடந்தும் எச்-1பி விசாவைத் தொடர்ந்து நீட்டித்துக்கொள்ள வழிசெய்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால், அதன் விளைவாகத் தற்காலிகம் என்பதற்கு முடிவே இல்லாமல் போயிற்று. வலியைத் தாங்கக்கூடியதாக ஆக்கிய அந்தச் சட்டம், நோயைக் குணப்படுத்தும் அவசரத்தைக் குறைத்துவிட்டது.

இனி, நிறுவனங்களின் பக்கம் நின்று பார்ப்போம். காலவரையறை கொண்ட விசாவில் இருக்கும் ஒருவருக்கு நிரந்தரப் பணி அளிப்பதில் அவர்களுக்கும் தயக்கங்கள் உண்டு. விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டால் பயிற்சிக்குச் செய்த செலவு வீணாகும். வழக்குரைஞர் கட்டணம், அரசுக் கட்டணம், ஆண்டுக்கணக்கில் கோப்புகளைப் பின்தொடரும் வேலை எனச் சுமைகள் கூடும். எல்லா நிறுவனங்களுக்கும் பயன்படும் பொதுத் திறனில் ஒரு நிறுவனம் தன் பணத்தைப் போடத் தயங்கும். பயிற்சி பெற்றவர் போட்டியாளரிடம் போய்விடலாம் என்பது கேரி பெக்கர் 1964-இல் எழுதிய மனித மூலதனக் கோட்பாட்டின் அடிப்படைச் செய்தி.

விசா வரிசை அந்தக் கவலையைத் தீர்த்துவைக்கிறது என்பதே இதிலுள்ள முரண். வரிசையில் நிற்பவர் எளிதில் விலகமாட்டார். சட்டப்படி அவர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். முதல் மனு ஏற்கப்பட்டிருந்தால் வரிசையில் அவருடைய இடமும் பொதுவாகக் காப்பாற்றப்படும். ஆனால், புதிய நிறுவனம் தொழிலாளர் துறைச் சான்று முதல் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும். அதே நிறுவனத்தில் பதவி உயர்வு பெற்றுப் பணியின் தன்மை பெரிதும் மாறினாலும் இதே நிலை ஏற்படலாம். வேலை பறிபோனால், புதிய நிறுவனத்தைத் தேடவோ வேறு விசாவுக்கு மாறவோ நாட்டைவிட்டு வெளியேறவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள ஒருவர், இந்நிலையில் ஊதிய உயர்வு கேட்டு எந்த அளவுக்கு வாதாடுவார்?

உழைப்பை வாங்குவோரின் கை ஓங்கி, விற்பவருக்குப் போக வேறிடம் இல்லாதபோது ஊதியம் உற்பத்தித் திறனுக்குக் கீழே இறங்கும் என்பதை ஜோன் ராபின்சன் 1933-லேயே விளக்கினார். அவர் மனத்தில் இருந்தது ஆலைகளும் ஊர்களும். இன்று அதே வேலையை ஒரு விசாக் கோப்பு செய்கிறது.

இதனால் உள்ளூர்த் தொழிலாளிக்கு நன்மை உண்டா? இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் விலகிச் செல்ல இயலாதவராக இருந்தால், அவரோடு போட்டியிட வேண்டிய உள்ளூர்ப் பொறியாளரின் பேரம் பேசும் ஆற்றலும் குறையும். வெளிநாட்டவரின் உரிமையும் உள்நாட்டவரின் ஊதியமும் எதிரெதிரானவை என்று அரசியல் மேடைகளில் சொல்லப்படுவது இங்கே பொருந்தவில்லை. இருவருக்கும் தேவை ஒன்றே: வேலையை விட்டு விலகும் சுதந்திரம்.

தற்போதைய முறை உள்ளூர்த் தொழிலாளியை வேறொரு வகையிலும் ஏமாற்றுகிறது. கிரீன் கார்டு மனுவுக்கு முன், அந்தப் பணிக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் எவரும் கிடைக்கவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும். இதற்காக ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் இரு விளம்பரங்கள் வெளியிடுவது உள்ளிட்ட நடைமுறைகள் உண்டு. ஆனால், அந்தப் பணியில் ஏற்கெனவே ஒருவர் ஐந்தாறு ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறார். அவரை இழக்க விரும்பாத நிறுவனம், வேறொருவர் கிடைத்துவிடக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் தேடும். இத்தகைய பணிகளுக்கான விண்ணப்பங்களை இணையத்தில் பெறாமல் அஞ்சலில் மட்டும் கேட்டு உள்நாட்டவரைத் தவிர்த்ததாக ஃபேஸ்புக், ஆப்பிள் நிறுவனங்கள் மீது அமெரிக்க நீதித் துறை குற்றஞ்சாட்டியது. ஃபேஸ்புக் 2021-இல் 1.425 கோடி டாலர் வரையிலும், ஆப்பிள் 2023-இல் 2.5 கோடி டாலர் வரையிலும் செலுத்த உடன்பட்டு அவற்றை முடித்துக்கொண்டன. இரு நிறுவனங்களுக்கு அப்பால், பிழை அந்த நடைமுறையிலேயே இருக்கிறது. ஊழியர் பணியில் சேரும்போது செய்ய வேண்டிய சோதனையை, அவர் வேரூன்றிய பிறகு செய்யச் சொன்னால் அது வெறும் சடங்காகவே முடியும்.

இந்தச் செலவுகளில் மிகக் கொடியதைச் சுமப்பவர்கள் குழந்தைகள். கோவையிலிருந்து நான்கு வயதில் பெற்றோருடன் சென்ற ஒரு சிறுமியை எண்ணிப் பார்ப்போம். அவள் படித்ததும் வளர்ந்ததும் அங்கேதான். 21 வயது நிறைவடையும்போது தந்தையின் விசாவைச் சார்ந்து வாழும் தகுதியை அவள் இழக்கிறாள். வயதைக் கணக்கிடுவதில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சலுகை அளித்தது. எனினும், மனு பரிசீலனையில் இருந்த காலத்தைத்தான் அது கழிக்கிறது, வரிசையில் நின்ற ஆண்டுகளை அன்று. அவள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது நினைவில்கூட இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே பிறந்த தம்பியோ அமெரிக்கக் குடிமகன்.

நாட்டு வரம்பை நீக்கினால் போதும் என்று இந்தியர்களில் பலர் கருதுகின்றனர். அதற்கான மசோதா 2019-இல் பிரதிநிதிகள் அவையில் 365-65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் அவை தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் இணக்கம் பெறாமல் காலாவதியாகின. அதற்கு எழுந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது: மொத்த எண்ணிக்கையை உயர்த்தாமல் வரம்பை மட்டும் நீக்கினால், காத்திருப்பு மறையாது; பிற நாட்டவர் தோள்களுக்கு மாறும். மொத்த எண்ணிக்கையை உயர்த்தும் அரசியல் சூழல் அங்கே இப்போது இல்லை.

எனவே, எண்ணிக்கையைத் தொடாமலே செய்யக்கூடியவற்றை முதலில் கேட்பது அறிவுடைமை. ஒன்று, மனு ஏற்கப்பட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்தவருக்குப் பணி அனுமதி நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் அவர் பெயரிலேயே வழங்கப்பட வேண்டும். இரண்டு, வேலை இழந்தவருக்கான 60 நாள் அவகாசம் நீட்டிக்கப்பட வேண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் ஒரு முறைக்கு 180 நாள் அளிக்கிறது. மூன்று, பெற்றோர் வரிசையில் சேர்ந்த நாளில் குழந்தையின் வயது எதுவோ அதுவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

வேறு வழிகள் இயலாதவை அல்ல. ஜெர்மனியில் நீல அட்டை பெற்ற திறன்மிகு ஊழியர், அடிப்படை ஜெர்மன் மொழியறிவோடு 27 மாதங்களிலும், கூடுதல் மொழித்தேர்ச்சியோடு 21 மாதங்களிலும் நிரந்தர வசிப்புரிமை கோரலாம். ஜெர்மன் மொழி கற்பது எளிதன்று. அங்கும் வெளிநாட்டவருக்கு எதிரான குரல்கள் உண்டு. ஆயினும், எத்தனை மாதம், என்ன தகுதி என்பது முதல் நாளிலேயே ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் தெரியும். ஒரு குடும்பம் திட்டமிட்டு வாழ அது போதுமானது.

இந்திய அரசுக்கும் ஒரு கடமை உண்டு. எச்-1பி ஊழியர்கள் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு ஊதியத்தில் 6.2 விழுக்காடு செலுத்துகின்றனர். நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. ஓய்வூதியத் தகுதிக்குக் குறைந்தது பத்து ஆண்டுகள் செலுத்தியிருக்க வேண்டும். விசாவின் பொது வரம்போ ஆறு ஆண்டுகள். இடையில் ஊர் திரும்புபவருக்கு அந்தப் பணம் கைக்கு வருவதில்லை. பல நாடுகள் அமெரிக்காவுடன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டு இதைத் தீர்த்துள்ளன. இந்தியா நெடுங்காலமாகக் கேட்டும் அது கைகூடவில்லை. வர்த்தகப் பேச்சுகளில் இறக்குமதி வரிக்குத் தரப்படும் முக்கியத்துவம் இதற்கும் தரப்பட வேண்டும்.

வேலை வாய்ப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களும் அவர்களின் பெற்றோரும் ஊதியத் தொகையை மட்டும் பார்க்காமல் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். நிரந்தர வசிப்புரிமைக்கான மனுவை நிறுவனம் எந்த ஆண்டில் தொடங்கும்? பணிநீக்க அலை வந்தால் அது நிறுத்திவைக்கப்படுமா? பதவி உயர்வு கிடைத்தால் கோப்பு என்ன ஆகும்? புதியவரை வெளியிலிருந்து அழைத்துவருவது செலவு மிக்கதாகிவிட்ட சூழலில், ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் மதிப்பு நிறுவனங்களின் கண்ணில் உயர்ந்திருக்கும். இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற இது ஏற்ற காலம்.

ஒருவருடைய உழைப்பு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேவைப்படுகிறது என்றால், அவர் அந்நாட்டுக்குத் தற்காலிகமானவர் அல்லர். அதைச் சட்டம் ஒப்புக்கொள்ளத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அவரும் அவர் குழந்தைகளும் மட்டுமல்ல, அவரோடு பணிபுரியும் அமெரிக்கரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.