பட்டாசு விற்பனை என்ற பெயரில் நடக்கும் இணைய மோசடியைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம், மதுரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.
மாநகரக் காவல் ஆணையர் அவர்கள், மதுரை.

பொருள்: தீபாவளிக்கு முன் போலிப் பட்டாசு விளம்பரங்களை முடக்குதல், ஏமாந்தோரின் புகார்களை உடனே பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தீபாவளி நெருங்கினாலே 'சிவகாசி ஆலை விலை, 80 சதவீதம் தள்ளுபடி' என்ற விளம்பரங்கள் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வரிசை கட்டுகின்றன. தொட்டால் வாட்ஸ்அப் திறக்கிறது. விலைப்பட்டியல் வருகிறது, ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதும் வருகிறது. முன்பணம் கட்டியதும் லாரி வாடகை என்று இன்னொரு தொகை கேட்கிறார்கள். அதையும் கட்டினால் போனை எடுப்பதில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்த தீபாவளிச் சீட்டுப் பணத்தை இப்படித் தொலைத்த குடும்பங்கள் எங்கள் பகுதியில் உண்டு.

அவர்களில் பலர் புகார் கொடுக்கவில்லை. பட்டாசை இணையத்தில் விற்க 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை விற்பவர்களுக்கானது. ஆனால் ஏமாந்தவரோ தன் மீதும் வழக்கு வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறார். மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது: இழந்த தொகை ஆயிரமோ இரண்டாயிரமோ, புகாரை அருகிலுள்ள காவல் நிலையமே பெற வேண்டும். "சைபர் கிரைமுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெறச் சொல்கிறது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வழியுண்டு. இதைத் தாங்களே செய்யத் தெரியாதவர்களுக்கு நிலையத்திலேயே அழைத்துப் பதிந்து தர வேண்டும். ஏன் இணையத்தில் வாங்கினாய் என்ற அதட்டலும் வேண்டாம்.

போலிப் பக்கங்களைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே தேடி முடக்க வேண்டும். உரிமம் பெற்ற கடைகளின் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் வெளியிடுவதோடு, ரேஷன் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் ஒட்ட வேண்டும். அதே சுவரொட்டியில், பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையில்லை என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று க்யூஆர் கோடு அனுப்பி, பின் எண்ணைப் போட வைத்து, ஏமாந்தவரையே மறுபடி ஏமாற்றுவதும் நடக்கிறது.

சீட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் இந்த நடவடிக்கைகளைத் தொடங்கிட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

இணைப்பு: விளம்பரங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், பணம் செலுத்திய ரசீதுகளின் நகல்கள்.