வாசகனற்ற பக்கம்

விடியற்காலையில் எழுந்து சற்று நேரம் தியானத்தில் அமர்ந்து, பின் மனதில் பட்டதை எழுதினால் வாழ்க்கையின் நோக்கம் துலங்கும் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். தினமும் காலையில் மூன்று பக்கங்கள் கையால் எழுதும் பயிற்சியை ஜூலியா கேமரன் தன் 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' நூலில் 1992இல் முன்வைத்தார். அப்பழக்கத்தின் மீது எனக்கு மதிப்புண்டு. அதனிடம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் ஐயம்.

இங்கே எனக்கு நினைவுக்கு வருபவர் பிரெஞ்சுக் கவிஞர் பால் வலேரி. 1892இல் நேர்ந்த ஓர் அகநெருக்கடிக்குப் பின் அவர் கவிதையிலிருந்து விலகினார். 1894இல் தொடங்கி 1945இல் மறையும் வரை விடியலுக்கு முன்பே எழுந்து குறிப்பேடுகளில் எழுதிவந்தார். மொழி, கனவு, கவனம், நினைவு என மனம் இயங்கும் விதத்தைப் பற்றி 26,000 பக்கங்களுக்கும் மேல். பிழைப்புக்கு 1900 முதல் 1922 வரை ஒருவரிடம் அந்தரங்கச் செயலாளராக வேலை பார்த்தார். குறிப்பேடுகளிலிருந்து சில பகுதிகளையே வாழ்நாளில் வெளியிட்டார். 1957க்கும் 1961க்கும் இடையில்தான் அவை 29 தொகுதிகளாக வந்தன.

நண்பர் ஆந்த்ரே ழீத் பழைய கவிதைகளைத் தொகுக்கும்படி வற்புறுத்தியபோது, கவிதைக்கு விடைகொடுக்கும் முகமாக நாற்பது வரி எழுத எண்ணினார் வலேரி. அது நான்காண்டுகள் வளர்ந்து 1917இல் 512 வரிகளில் முடிந்தது. அழைப்பு வெளியிலிருந்துதான் வந்தது. அதை ஏற்கும் மனதை அத்தனை விடியல்களும் ஆயத்தப்படுத்தியிருந்தன என்றே நான் கருதுகிறேன்.

என் அனுபவம் மிகச் சிறியது. அப்பா இறந்தபின் தூக்கம் கெட்டு, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். கொஞ்ச நேரம் கண்மூடி அமர்ந்துவிட்டு எழுதத் தொடங்கினேன். ஆறு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அப்பாவைப் பற்றி அழகழகான வாக்கியங்கள். யாரோ படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பிலேயே எழுதியிருக்கிறேன். கடைசி வாரத்தில் அவர் இருமுறை தொலைபேசியில் அழைத்தார். வேலை இருக்கிறதென்று நான் எடுக்கவில்லை. அது அந்த நோட்டில் ஓரிடத்திலும் இல்லை.

மறுநாள் காலை அதை மட்டும் எழுதினேன். அன்று மாலை ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை அழைத்துப் பேசினேன். அன்றிலிருந்து தினமும் அழைக்கிறேன். இதைப் போய் வாழ்க்கையின் நோக்கம் என்பதா என்று நீங்கள் கேட்கலாம். இதைவிடப் பெரியது எதுவும் எனக்கு அந்த நோட்டிலிருந்து கிடைக்கவில்லை.

தியானமும் எழுத்தும் நமக்கு நோக்கத்தை எடுத்துத் தருவதில்லை என்பதே என் எண்ணம். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய்களை அவை ஒவ்வொன்றாக விலக்குகின்றன. பிறகு செய்ய வேண்டியது எது என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்த ஒன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரே நிபந்தனை, எழுதும்போது எதிரில் வாசகன் இருக்கக்கூடாது. அன்று காலை எழுதிய பக்கத்தை நான் இங்கே எடுத்துக் கொடுக்காததும் அதனால்தான்.