கட்டினா மட்டும் போதுமா?



சுவர் இதழுக்குக் கட்டுரை கொடுக்கச் சொன்னதும் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று நிறைய பேர் எழுதுவீங்க. அதெல்லாம் நல்லதுதான். ஆனா நான் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியில் இருக்கிற சின்னப் பாலத்தைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காம முழுசாப் படிங்க.

அந்தப் பாலத்தை நீங்க எல்லாரும் தினமும் தாண்டித்தான் வர்றீங்க. ஆனா அதைப் பாலம் என்றே யாருக்கும் தெரியாது. ரோட்டுக்கு அடியில் ரெண்டு சிமெண்ட் குழாய், ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர், அவ்வளவுதான். ஒரு குழாய் முழுசா மண் மூடிப் போச்சு. இன்னொன்றில் பாதிதான் திறந்திருக்கு. அதனால ஒரு மணி நேரம் நல்லா மழை பெய்தாலே தண்ணீர் அடியில் போகாம ரோட்டு மேலே ஏறி வருது.

அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்துதான் வரணும். சின்ன வகுப்புப் பிள்ளைகளை அம்மாக்கள் அனுப்பவே மாட்டாங்க. பெரிய பெண்களும் சில நாட்கள் ஈரத் துணியோடு சாயங்காலம் வரைக்கும் உட்கார முடியாது. அது ஏன்னு தோழிகளுக்குத் தெரியும், தோழர்கள் கேட்க வேண்டாம். மழை நாளில் எடுத்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்குதுன்னு ஆசிரியர்களே சொல்லிடலாம்.

ஒரு நாள் எங்க அப்பா கூலி வேலைக்குப் போகாம என்னையும் கூட்டிக்கிட்டு மனு கொடுக்கப் போனார். மனுவை நான்தான் எழுதினேன். முதல் ஆபீசில், “இது எங்க எல்லையில வராதும்மா, அங்க போய்க் கேளுங்க” என்றார்கள். ரெண்டாவது ஆபீசில், “ரோடு வேற, வாய்க்கால் வேற. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்டார்கள். மூணாவது ஆபீசில் ஒரு சார் மட்டும் மனுவை வாங்கி, நகலில் சீல் போட்டுக் கொடுத்தார். எந்தெந்த ஆபீஸ் என்று நான் எழுத மாட்டேன். ஆட்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. வெளியே வந்ததும் அப்பா, “ஒரு நாள் கூலி போச்சு, ஆனா மூணு ஆபீசுக்கு வழி தெரிஞ்சுது பாப்பா” என்றார். அன்றைக்குச் சிரிச்சோம். வீட்டுக்கு வந்து யோசிச்சா சிரிப்பு வரல.

கொஞ்ச நாள் கழிச்சு ஜேசிபி வந்து வாய்க்காலைத் தோண்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனா அள்ளிய சேற்றைக் கரை ஓரத்திலேயே கொட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மழையில் அந்தச் சேறு திரும்ப குழாய்க்குள்ளேயே போயிடுச்சு. வேலை நடந்தது உண்மை, பலன் இல்லை என்பதும் உண்மை.

இந்த இடத்தில் யாருக்கு எந்த வேலை என்று தெரிஞ்சுக்கணும். நம்ம புதுச்சேரியில் பெரிய சாலைகள், ஏரி, ஆற்றங்கரை, அரசுக் கட்டடங்கள் எல்லாம் பொதுப்பணித்துறை பொறுப்பு. அதற்குள்ளேயே பல கோட்டங்கள் இருக்கு. ஏரிக்கும் பாசன வாய்க்காலுக்கும் நீர்ப்பாசனக் கோட்டம், குடிநீருக்குப் பொது சுகாதாரக் கோட்டம், சாலைக்கும் கட்டடத்துக்கும் தனிக் கோட்டங்கள். ஊருக்குள் தெரு, சாக்கடை, குப்பை இதெல்லாம் கொம்யூன் பஞ்சாயத்து. புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் இருப்பதைச் சமூக அறிவியலில் படிச்சிருக்கோம்.

பிரிச்சு வைத்தது தப்பில்லை. ஒருத்தரே எல்லா வேலையும் செய்ய முடியாது. ஆனா தெருச் சாக்கடைத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் ரோட்டுக்கு அடியில் போய், ஏரியில் சேருது. மனுஷன் போட்ட எல்லை தண்ணீருக்குத் தெரியுமா? ஆபீசுக்கு ஒரு எல்லைன்னு நின்னா, எல்லை சந்திக்கிற இடத்தில்தான் அடைப்பு விழுது. நம்ம சின்னப் பாலம் அப்படிப்பட்ட ஒரு இடம்.

வார்டு மெம்பர் இருந்தா அவர்கிட்ட சொல்லலாமே என்று கேட்பீங்க. புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போ ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2011-ல் முடிஞ்சது. 2021-ல் தேர்தல் அறிவிச்சு, அதுவும் நின்னுபோச்சு. எனக்கு வயது பதினாலு. எங்க தெருவுக்கு என்று ஒரு மெம்பரை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை.

“வெள்ளம் வந்தா யாரால என்ன பண்ண முடியும்?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 விடிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்து விட்டாங்க. பாகூர் பக்கம் எத்தனையோ கிராமத்துக்குள் ஆறு புகுந்தது. எங்க ஆயா என் நோட்டுப் புத்தகத்தை எல்லாம் நாலு நாள் கல்லு வைத்து வெயிலில் காயவைத்தார்கள். இன்னும் என் அறிவியல் நோட்டில் சேற்று வாடை போகல.

அந்த வெள்ளத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு சிமெண்ட் குழாய் திறந்திருந்தா மட்டும் தென்பெண்ணை நின்னிருக்குமா? ஆனா அடுத்த வருஷம் சாதாரண மழைக்கே தண்ணீர் நின்றதே, அது புயலா? அது போன வருஷச் சேற்றை எடுக்காததால் வந்தது. பெரிய வெள்ளம் இயற்கை. வருஷா வருஷம் வர்ற முழங்கால் தண்ணீர் பராமரிப்பு இல்லாததால் வர்றது. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசினா யாரும் எதுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆயிடும்.

நம்ம முன்னோருக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கு. பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியிலேயே பெரிய ஏரி. அதுக்குத் தண்ணீர் தென்பெண்ணையில் இருக்கிற சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியா வருது. பங்காரி, சிங்காரி என்ற அக்கா தங்கை வெட்டின வாய்க்கால் என்று நம்ம ஊர்ப் பெரியவங்க கதை சொல்வாங்க. அணைக்கட்டு இருப்பதோ தமிழ்நாட்டில், ஏரி இருப்பதோ புதுச்சேரியில். நடுவில் ஒரு இடத்தில் அடைச்சுக்கிட்டாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது. வாய்க்காலை ஒரு தடவை வெட்டினவங்க பேர் கதையில் இருக்கு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் தூர் வாரினவங்க பேர் எங்கேயாவது இருக்கா? அவங்க இல்லாம இருந்தா இன்னிக்கு வாய்க்கால் இருக்குமா?

காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. ஆயிரத்து நூறு வருஷம் ஆகுது. ஏரியைப் பார்த்துக்க ‘ஏரி வாரியம்’ என்று தனியா ஒரு குழு. குடவோலை போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து ஒழுங்காக் கணக்குக் காட்டாதவர் திரும்ப வர முடியாது. எவ்வளவு நல்ல விதி! ஆனா அதில் பெண்களுக்கும் நிலம் இல்லாதவங்களுக்கும் இடம் இல்லை. அதனால பழசு எல்லாமே நல்லது என்று நான் சொல்லல. கணக்குக் காட்டணும் என்பதை மட்டும் எடுத்துக்கலாம் என்கிறேன்.

நம்ம ஊரிலும் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கு. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுச்சேரியில் ஏரி சீரமைப்புத் திட்டம் தொடங்கினாங்க. புதுச்சேரிப் பகுதியில் இருக்கிற 84 ஏரிகளுக்கான திட்டம் அது. பொதுப்பணித்துறை மட்டும் செய்யாம, ஊர் மக்களையே ஏரிச் சங்கமாச் சேர்த்தாங்க. இது நல்ல வழி. வாய்க்கால் பக்கத்தில் இருக்கிறவங்களுக்குத்தானே எங்கே அடைக்குது என்று முதலில் தெரியும்?

பராமரிக்கலன்னா என்ன ஆகும் என்பதற்கும் நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. சங்கராபரணி ஆற்றில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டின செல்லிப்பட்டு படுகை அணை 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைஞ்சது. நூறு வருஷம் தாங்கின கட்டுமானத்தைத் திரும்பக் கட்டுவதற்குக் கோடிக்கணக்கில் வேணும். விரிசலை அடைக்க அவ்வளவு ஆகுமா?

ஏரி மதகைத் திறந்து மூடுகிற ஒரு தாத்தாவிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னார்: “புரட்டாசியிலயே ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் போட்டுடணும்மா. ஒரு டப்பா கிரீஸ்தான். போடாம விட்டா துரு புடிச்சுக்கும். ராத்திரி மழையில ரெண்டு ஆளு தொங்கினாலும் திருகாது. அப்புறம் கரையத்தான் வெட்டி விடணும்.” ஒரு டப்பா கிரீசுக்கும் ஒரு ஏரிக் கரைக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆனா புதுப் பாலம் திறந்தா பேனர் வைக்கிறோம், பட்டாசு வெடிக்கிறோம். கிரீஸ் போட்டவருக்கு யாராவது சால்வை போட்டிருக்கோமா? நாமளே புதுசை மட்டும்தான் மதிக்கிறோம். அதனால அதிகாரிகளும் புதுசையே காட்டுறாங்க.

அதனால நான் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு மதகு, சின்னப் பாலம், தண்ணீர்த் தொட்டி பக்கத்திலும் ஒரு பலகை வேணும். இது எந்த ஆபீஸ் பொறுப்பு, போன் நம்பர் என்ன, கடைசியா எந்தத் தேதியில் சுத்தம் செய்தாங்க, இந்த மூன்றும் அதில் இருக்கணும். எங்க அப்பாவைப் போல இன்னொருத்தர் மூணு ஆபீஸ் ஏறி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.

இரண்டு: ஐப்பசி மழைக்கு முன்னாடி, புரட்டாசியிலேயே தூர் வாரணும். வாரின மண்ணை அங்கேயே போடாம அப்புறப்படுத்தணும். வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி ஊர்க்காரர் ரெண்டு பேர் பார்க்கணும். அதில் ஒருத்தர் பெண்ணா இருக்கணும்.

மூன்று: நாமும் கேட்கக் கத்துக்கணும். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு செலவாச்சு என்று எழுதிக் கேட்டா 30 நாளுக்குள் பதில் கொடுக்கணும். வாயால் சொன்னா காற்றோடு போயிடும். எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கினாத்தான் அது நிற்கும். இதை அந்த மூணாவது ஆபீஸ் சாரிடம் கத்துக்கிட்டேன்.

ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். ஜேசிபி தோண்டின அன்றைக்கு வெளியே வந்த குப்பையைப் பார்த்தேன். அதில் பாதி நாம தின்னுட்டுப் போட்ட சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாக்கெட்டும்தான். எனக்கு வெட்கமா இருந்தது. நானும் போட்டிருக்கேன். ஆனா “நீங்க குப்பை போடறீங்க, அதனால நாங்க தூர் வார மாட்டோம்” என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம தப்பை நாம நிறுத்துவோம். அவங்க வேலையை அவங்க செய்யட்டும்.

“படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று சில பேர் கேட்கிறாங்க. மழை நாளில் வகுப்புக்கு வரவே முடியலன்னா நான் எப்படிப் படிப்பேன்? எனக்கு ஓட்டு வர இன்னும் நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மண் காத்திருக்குமா?

மனுவின் நகல் என்னிடம் இருக்கு. அடுத்த மனுவை நம்ம வகுப்பு சார்பா எழுதலாம் என்று நினைக்கிறேன். தமிழ் ஐயா பிழை திருத்தித் தந்தா நல்லா இருக்கும். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவங்க மதிய உணவு இடைவேளையில் என்னைப் பாருங்க. அந்தப் பக்கத்துத் தெருவில் இல்லாதவங்களும் வாங்க. இன்னிக்கு அவங்க தெருவில் நிற்கிற தண்ணீர் நாளைக்கு உங்க தெருவிலும் நிற்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பழமொழி. போட்ட அணையை வருஷா வருஷம் பார் என்பது என் கருத்து.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி